அம்மா ஜாடை

பிப்ரவரி 8, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பால் கொள்முதல் நிலையத்துக்கு இன்று முப்பத்தோரு கேன். லாக்டோமீட்டரை விட்டதுமே தெரிந்துவிட்டது, கிழவர் அர்னுல்ஃபோ கொண்டுவந்த கேனில் தண்ணீர். கேட்டால் மாதா மேல் சத்தியம் செய்கிறார். "ராத்திரி பூரா மழை எடில்மா, மாடு நனைஞ்சிடுச்சு." மாடு நனைந்தால் பாலில் தண்ணீர் சேருமாம். சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன். யார் வீட்டுப் பாலாக இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அதுதான் என் வேலை.

மதியம் தம்பி ரூபியேலுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் நினைவு நாள், மார்லேனியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வந்துவிடு என்றேன். "பன்றித்தோல் வறுத்துப் போட்ட பீன்ஸ் உண்டா?" என்று கேட்டான். உண்டு என்றேன். குழந்தை என்று நான் சொல்கிற யூலியேத்துக்குப் பதினேழு வயது.

இதையெல்லாம் எழுதி வைப்பது பிறகு சரிபார்க்க. எனக்கு நாற்பத்தாறு. அம்மாவுக்கு நாற்பத்தைந்தில் தொடங்கியது. முதலில் அடுப்பில் வைத்த பாலை மறந்தாள், அப்புறம் தெருவை, அப்புறம் என் பெயரை. யாருமால் என்கிற எங்கள் ஊரில் இதை அசட்டு நோய் என்பார்கள். மெதெயின் நகரத்திலிருந்து வரும் ஆராய்ச்சிக்காரர்கள் அல்சைமர் என்பார்கள். எங்கள் மாதிரிக் குடும்பங்களில் ஒரே ஒரு மரபணு வழியாக இறங்குகிறதாம், பிள்ளைகளில் பாதிப் பேருக்கு. எந்தப் பாதி என்று எங்கள் மலையில் யாரும் ஆய்வுக்கூடத்தைக் கேட்டதில்லை. ஜாடையோடு வரும் என்பது ஊருக்கே தெரியும். எனக்கு அம்மாவின் நெற்றி, அம்மாவின் வாய், சுண்டுவிரல்கூட அதே கோணல். ரூபியேல் அப்பா ஜாடை. தப்பித்தான்.

பிப்ரவரி 13, ஞாயிறு

யாரும் வரவில்லை. மூன்று மணிவரை பார்த்துவிட்டுப் போன் செய்தேன். "நீ என்கிட்ட சொல்லவே இல்லையேக்கா" என்றான் ரூபியேல். குரலில் நிஜமான வருத்தம்.

சொன்னதாக எட்டாம் தேதியில் எழுதியிருக்கிறேன். ஆனால் சொல்ல நினைத்ததைச் சொன்னதாகவே எழுதிவிட்டேனோ? அம்மாவும் முதல் வருஷம் இப்படித்தான், போகாத பூசைக்குப் போய்வந்ததாகக் கதை சொல்வாள்.

நான்கு பேருக்கான பீன்ஸ். பாத்திரத்தின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். பிறகு பசித்தது, சாப்பிட்டேன்.

பிப்ரவரி 17, வியாழன்

வியாழக்கிழமை டேங்கர் லாரி வரும் நாள். நவம்பரிலிருந்து அதை ஓட்டிக்கொண்டு வருவது ஹைரோ. பத்தொன்பது வருஷம் கடற்கரைப் பக்கம் இருந்துவிட்டு, ஒரு கல்யாணம் செய்து அதுவும் முறிந்து, தலை பாதி நரைத்துத் திரும்பியிருக்கிறான். எனக்கு இருபத்தேழு வயதாகும்போது அவனை நான்தான் அனுப்பினேன். உன்னைப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். அதைவிடப் பெரிய பொய்யை இதுவரை சொன்னதில்லை. அப்போது அம்மாவை நாற்காலியில் கட்டி உட்காரவைத்துச் சோறூட்டிக்கொண்டிருந்தேன். அதே முகம் எனக்கும். நாளைக்கு எனக்கு ஊட்டுவதற்காக ஒருத்தனைக் கட்டிக்கொள்வதா? பிள்ளை பெற்று அதன் தலையிலும் இதை வைப்பதா?

லாரி திருப்பத்தில் பிரேக் போடும் சத்தம் கேட்டதும் போய் முகம் கழுவிக்கொள்கிறேன். நாற்பத்தாறு வயதில் இது என்ன கூத்து!

இன்று குழாயை மாட்டிக்கொண்டே சொன்னான்: "ஊர்ப் பாலையெல்லாம் சோதிக்கிற. என் பேச்சுல தண்ணி கலந்திருக்கான்னும் ஒரு தடவை பாத்துச் சொல்லேன்."

"உன் பேச்சுல தண்ணிதான் இருக்கு, பால் எங்க இருக்கு?" என்றேன்.

சிரித்தான். அந்த ஓட்டைப் பல் அப்படியே இருக்கிறது. எனக்கு அவன் வேண்டும். எழுதிவிட்டேன், போகட்டும்.

மார்ச் 4, வெள்ளி

மெதெயினுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எட்டு வருஷமாக மாதம் இரண்டு தடவை மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய் வயிற்றில் போட்டுக்கொண்ட ஊசி – அந்த மருந்து பலன் தரவில்லையாம். கூடம் நிறைய எங்கள் பக்கத்துச் சனம். யாரும் அழவில்லை. பின்னாலிருந்து ஒருவர் கேட்டார், "அப்போ ஊசிக்கு அப்புறம் குடுத்த டிபனையும் நிறுத்திடுவீங்களா?" எல்லாரும் சிரித்தோம், டாக்டர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் அவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். இதுவரை யாருக்கும் சொல்லாத அந்த முடிவை, மரபணு உண்டா இல்லையா என்பதை, வேண்டும் என்பவர்களுக்கு இனிமேல் சொல்வார்களாம். இரண்டு தடவை பேச வரவேண்டும், மூன்று மாதம் யோசிக்க வேண்டும், முடிவு சொல்லும் நாளில் துணைக்கு ஒருவரைக் கூட்டிவர வேண்டும்.

நர்ஸ் செனைதாவிடம் கேட்டேன். "என்ன இருக்கு தெரிஞ்சிக்க? எனக்குத்தான் ஊசி போட்டீங்களே."

"இல்லாதவங்களுக்கும் போட்டோம் எடில்மா. ஊசியை வச்சு யாரும் கணக்குப் போட்டுறக் கூடாதுன்னு. முதல் நாளே சொன்னோமே."

சொன்னார்கள்தான். நான் அதை ஒரு மரியாதைப் பொய்யாக எடுத்துக்கொண்டேன். ஒன்றுமில்லாதவளுக்கு எட்டு வருஷம் யாராவது ஊசி போடுவார்களா?

"எனக்கு இருந்தா என் தம்பிக்கு இருக்காது, அது போதும்" என்றேன்.

"அப்படி இல்லை. உனக்கு ஒரு தடவை, அவனுக்கு ஒரு தடவை, தனித்தனியா சுண்டின காசு."

தலையாட்டினேன். ஆனால் என் மனசுக்குள் அது அப்படியில்லை. அம்மாவிடம் ஒன்றுதான் இருந்தது, அதை மூத்தவள் நான் வாங்கிக்கொண்டேன், தம்பிக்கு மிச்சமில்லை. இத்தனை வருஷம் இதை நினைத்துத்தான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

கிளம்பும்முன் மூன்றாவது மாடிக்குப் போய்க் குளிர்சாதன அறைக் கதவின் எதிரே நின்றேன். அம்மாவின் மூளை உள்ளே இருக்கிறது. அவள் இறந்த காலையில், சவப்பெட்டி வருவதற்கு முன்பே இவர்கள் வண்டி வந்துவிட்டது. ரூபியேல் வாசலை மறித்துக்கொண்டு நின்றான், "எங்கம்மாவை முழுசாப் புதைக்கணும்" என்று. கையெழுத்துப் போட்டது நான். அவன் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. இன்றுவரை இவர்களுக்கு ஒரு சொட்டு ரத்தம் கொடுத்ததில்லை.

என் பெயர் அந்த மூளையில் எங்கேயாவது ஒரு மூலையில் மிச்சமிருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். கதவிடம் "வரேம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 5, சனி

முடிவைக் கேட்கப் பெயர் கொடுத்துவிட்டேன். செனைதாவுக்குப் போனில் சொல்லியாயிற்று.

மார்ச் 17, வியாழன்

ஹைரோ நேராகவே கேட்டுவிட்டான். டேங்கர் நிரம்பும் வரைக்கும் இருபது நிமிஷம், அதற்குள் கேட்டான். பக்கத்து ஊர் சாந்தா ரோசாவில் ஒரு வீடு பார்த்திருக்கிறானாம், பின்னால் கொஞ்சம் நிலமும் உண்டாம். "நீ வா. இல்லேன்னா நானே இங்க வரேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

பத்தொன்பது வருஷம் கழித்து உண்மையைச் சொன்னேன். அம்மா, முகம், ஊசி, எல்லாம். குழாயைப் பிடித்திருந்தவன் என் பக்கம் திரும்பினான். மூஞ்சி சிவந்துவிட்டது.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா என்னடி?"

"சொல்லியிருந்தா நீ போயிருக்க மாட்ட."

"அதைத்தான் கேக்கறேன்!"

ஜூன் பதினைந்தாம் தேதி முடிவு சொல்வார்கள், அதுவரை பொறு என்றேன். "நான் ஆய்வுக்கூடத்தைக் கேக்கல எடில்மா, உன்னைக் கேக்கறேன்" என்றான். இருந்தாலும் பொறு என்றேன். இருக்கிறது என்று வந்தால் அவனை மறுபடி அனுப்பிவிடுவேன். இந்தத் தடவை பொய் சொல்லாமல்.

ஏப்ரல் 10, ஞாயிறு

அடுக்களை சுவிட்சில் பொறி பறக்கிறது. ரூபியேல் ஊரில் பாதி வீட்டுக்கு வயர் இழுத்தவன், அக்கா வீட்டுக்கு வர ஒரு மாதம் ஆகிறது. கோவிலுக்கு வெளியே பிடித்துச் சிவப்பு நூல் கட்டிய சாவியைக் கையில் கொடுத்தேன். நாளைக்கு நான் வேலையில் இருக்கும்போதே வந்து சரி செய்துவிடுகிறேன் என்றான்.

ஏப்ரல் 13, புதன்

சுவிட்ச் அப்படியே. "சாவி எங்கக்கா குடுத்த?" என்கிறான். வீடு முழுக்கத் தேடினேன். அலமாரி, கோட்டுப் பை, மாவு டப்பா. அம்மா சாவியை மாவு டப்பாவில்தான் வைப்பாள். அங்கேயும் இல்லை.

ஆரம்பித்துவிட்டது. ஆரம்பித்தேவிட்டது.

மே 20, வெள்ளி

இரண்டாவது பேச்சும் முடிந்தது. இருந்தால் என்ன செய்வாய் என்று மனநல டாக்டர் கேட்டார். எல்லாவற்றையும் எப்போதோ செய்துவிட்டேன் என்றேன். இல்லாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

துணைக்கு யார் என்றார். தம்பி என்றேன்.

ஜூன் 15, புதன்

இல்லை.

எனக்கு இல்லை.

டாக்டர் உறையைக் கிழித்து, எனக்குமுன் தான் படித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் இல்லை என்றார். நான் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "அப்போ அந்த எட்டு வருஷ ஊசி?" உப்புத் தண்ணீராம். மரபணு இல்லாதவர்கள் எல்லாருக்கும் வெறும் உப்புத் தண்ணீராம். கிழவர் அர்னுல்ஃபோவின் கேனில் ஒரு குவளைத் தண்ணீரைக்கூடக் கண்டுபிடிக்கிறவள் நான். சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியவில்லை. சிரிப்பு எப்போது அழுகையானது என்றும் தெரியவில்லை.

ரூபியேல் என்னை அப்படியே தூக்கிவிட்டான். டாக்டருக்கு முத்தம், செனைதாவுக்கு முத்தம், வாசல் காவலருக்கும் ஒன்று. "அந்த ஹைரோவை வரச் சொல்லுக்கா! இன்னைக்கே வரச் சொல்லு!"

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். யூலியேத் வயதில் எனக்கு ஒரு மகள் இருந்திருக்கலாம். சண்டைக்காரியாக, ஓட்டைப் பல்லோடு. அவளுக்கும் ஒன்றும் வந்திருக்காது. இல்லாத நோய்க்காக அவளைப் பெறாமல் இருந்தேன்.

தொன் மத்தியாஸ் ஊரைத் தாண்டியதும் ரூபியேல் என் பக்கம் திரும்பினான். "டாக்டர் என்னக்கா சொன்னாங்க?"

விளையாடுகிறான் என்று நினைத்தேன். "இல்லைன்னுட்டாங்கடா" என்றேன். அவன் முகம் – அப்போதுதான் கேட்ட முகம். எழுந்து நின்று பஸ் முழுக்கச் சொன்னான். முன்பின் தெரியாத ஒரு அம்மாள் எனக்கு ஆரஞ்சு கொடுத்தாள்.

சாந்தா ரோசா நிறுத்தத்தில் மறுபடி கேட்டான்.

ஜூன் 16, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. லாரி வந்திருக்கும்.

நோட்டைப் பின்னாலிருந்து முன்னாலே படித்தேன். பீன்ஸில் பன்றித்தோல் உண்டான்னு கேட்டவன் நீதானடா. நான் சொன்னேன். சொன்னதைத்தான் எழுதியிருக்கேன். சாவியை உன் கையில குடுத்தேன், நீ சட்டைப் பையில போட்டதைக்கூடப் பாத்தேன். நீ இல்லைன்னு சொன்னதும் என் கண்ணை நானே நம்பலையே. எது காணாமப் போனாலும் நான்தான் தொலைச்சேன்னு இருந்துட்டேனே. அம்மா மூஞ்சியை வச்சுக்கிட்டு என்னையே பாத்துட்டிருந்தேன், பக்கத்துல உன்னைப் பாக்கலையேடா தம்பி.

அந்த நோய் எனக்குள்ளேயே இருந்துட்டுப் போகட்டும்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். அந்தக் காகிதத்தை மாத்திக் குடுக்கறவங்க யாராவது இருந்தா என்னுதை உனக்குக் குடுத்திருப்பேன். சத்தியமா.

ஜூன் 19, ஞாயிறு

மார்லேனி வீட்டுக்குப் போனேன். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்குமுன்பே அவள் அவனுடைய கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தாள். ஸ்குரூடிரைவர்களுக்கு நடுவே யார் யார் வீட்டுச் சாவியோ ஏழெட்டு. ஒன்றில் சிவப்பு நூல்.

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷமாச்சு அண்ணி. தனியா வேலைக்கு விடறதில்லை. நானும் கூடப் போய் நிக்கறேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்வேன்? உங்களுக்கே வரப்போகுதுன்னு நீங்க உக்காந்திருந்தீங்க. அவராவது தப்பிச்சாரேன்னு வாராவாரம் மெழுகுவத்தி ஏத்தினீங்க. அதையும் நான் புடுங்கறதா?"

இரண்டு பேரும் அடுக்களையில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதோம். யூலியேத் வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"அத்தை, நான் யாரு ஜாடை?"

அவளுக்கு அப்பாவின் மூக்கு, அப்பாவின் காது. குழந்தையாக இருந்தபோது அதைச் சொல்லிச் சொல்லித்தான் கொஞ்சியிருக்கிறேன்.

"ஜாடையில ஒண்ணுமே இல்லடி" என்றேன். "என்னைப் பாரு. ஜாடையில எதுவுமே இல்ல."

ஜூன் 26, ஞாயிறு

டாக்டர் என்ன சொன்னார் என்று ரூபியேல் ஏழாவது தடவை கேட்டான். ஏழாவது தடவை சந்தோஷப்பட்டான்.

ஜூலை 3, ஞாயிறு

இன்று இரண்டு முறை. மார்லேனி எரிச்சலாகி, "அதான் சொன்னாங்கல்ல!" என்றாள். விடு, நான் சொல்கிறேன் என்றேன். ஒவ்வொரு தடவையும் அவன் எழுந்து வந்து என்னைத் தூக்கப் பார்க்கிறான். "அந்த ஹைரோவை வரச் சொல்லு" என்பதையும் விடுவதில்லை. எனக்கு அந்தச் செய்தி முதல் நாளே பழசாகிவிட்டது. அவனிடம்தான் அது புதுசாக இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் போகிறேன் போலிருக்கிறது.

ஜூலை 21, வியாழன்

ஐந்து வியாழக்கிழமையாக ஹைரோவுக்கு முகம் கொடுக்கவில்லை. வேறொரு பெண்ணை நிறுத்திவிட்டு அலுவலகத்துக்குள் இருந்துகொண்டேன். இன்று டேங்கரை நிறுத்திவிட்டு உள்ளேயே வந்துவிட்டான்.

வேகமாகச் சொல்லி முடித்தேன். எனக்கு இல்லை. தம்பிக்கு இருக்கிறது. மார்லேனியால் தனியாகச் சமாளிக்க முடியாது, எனக்குத்தான் இந்த வேலை தெரியும், ஊட்டுவது, குளிப்பாட்டுவது, ஓடிப்போனால் தேடுவது. இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம். ஆகவே...

"ஆகவே?" என்றான்.

மேசைமேல் இருந்த ரசீதுகளை அடுக்கினேன்.

"அன்னைக்கு உனக்கு வராத நோய்க்காக என்னைத் துரத்தின. இன்னைக்கு உன் தம்பிக்கு வந்த நோய்க்காகத் துரத்தப் போறியா? உங்க குடும்பத்துல எவனுக்குத் தலைவலின்னாலும் நான்தான் ஊரை விட்டுப் போகணுமா?"

கத்திக் கேட்டான். வெளியே கேன் கழுவுகிறவர்கள் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். கிழவர் அர்னுல்ஃபோ எட்டிப் பார்த்து, "சரின்னு சொல்லும்மா, எங்க பால் கெட்டுப் போகுது" என்றார்.

என்ன செய்வேன்? டாக்டர் கேட்டபோது வராத பதில் இன்றும் வரவில்லை. ஆனால் ஹைரோ போனதும் ஓடிப்போய் வாசலில் நின்றேன், லாரி திருப்பத்தில் பிரேக் போடும் சத்தம் கேட்கும்வரை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு – மூன்று வருஷம் கழித்து

மேசை டிராயரைச் சுத்தம் செய்யும்போது இந்த நோட்டு கிடைத்தது. நிறைய வெற்றுத் தாள் இருக்கிறது. என்னைச் சரிபார்க்க வேண்டிய தேவை போனதும் எழுதுவதையே விட்டுவிட்டேன்.

யூலியேத் மெதெயினில் நர்சிங் படிக்கிறாள். தன் முடிவைக் கேட்க அவளுக்கு இஷ்டமில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை. சனி, ஞாயிறு ரூபியேல் எங்களிடம், மார்லேனி அந்த இரண்டு நாளும் தூங்குகிறாள்.

இன்று காலை வெயில் நன்றாக இருந்தது. அவனைப் பின்வாசலில் உட்காரவைத்துச் சவரம் செய்துவிட்டேன். இரண்டு மாதமாக அவன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. என்னைப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை, அக்கா என்றும் இல்லை. நானாகச் சொல்லிப் பார்க்கலாமா என்று நினைத்து, வேண்டாம் என்று விட்டேன். புரியாமல் பார்த்தால் தாங்க மாட்டேன்.

சோப்பைத் துடைக்கும்போது என் முகத்தை உற்றுப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு என் நெற்றியைத் தொட்டான். முகமெல்லாம் அந்தப் பழைய சந்தோஷம்.

"அம்மா" என்றான். "உனக்குத் தெரியுமா? அக்காவுக்கு அது இல்லையாம்."

துண்டு கையிலேயே நின்றுவிட்டது.

"தெரியும்டா."

"டாக்டரே சொன்னாங்க. நான் கூட இருந்தேன்." என் காதுக்குக் கிட்டே வந்தான், யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. "அந்த ஹைரோவை வரச் சொல்லும்மா. அக்கா ரொம்ப நாளா தனியா இருக்கா."

"வந்துட்டான்டா கண்ணு" என்றேன். "உள்ளேதான் இருக்கான். உனக்குப் பால் காய்ச்சிக்கிட்டிருக்கான்."

"அப்போ சரி" என்று சொல்லிவிட்டு மற்றக் கன்னத்தைக் காட்டினான்.